கரை தெரியாமல் சொன்ன ஊர்ப்பேர்

என் தம்பி மகள் விமலா சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். செல்போனில் நாம் ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நிற்குமே, அந்த விளம்பரங்களைப் போடுகிற வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்குப் பரீட்சை வைக்கிறார்களாம். போன வருஷம் கற்றது இந்த வருஷம் செல்லாதாம். இந்த முறை அவள் தேறவில்லை. பொன்னேரியில் என் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க காலத்துல நிம்மதி அத்தே. ஒரு தபா கத்துக்கினா ரிட்டயர் ஆவற வரைக்கும் அதையே வச்சு ஓட்டிடலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானும் விளம்பர வேலைதான் பார்த்தேன். எழுபதுகளின் நடுவில் ஆரம்பித்துப் பழவேற்காடு ஏரியில் படகில் போய், கரை கரையாக மைக்கில் பேசினேன். வருஷா வருஷம் எனக்கும் பரீட்சை இருந்தது. ஒரு பரீட்சையில் நான் தோற்றதில் ஒரு மனிதன் செத்துப் பிழைத்தான். அன்று அவளை எழுப்பி உட்காரவைத்து, இரண்டு தோசை சாப்பிடவைத்து, அந்தக் கதையைச் சொன்னேன். அவள் அதை ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அங்கிருக்கும் பிள்ளைகள் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்றாலும் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. பழவேற்காட்டில் பிறந்தவள். பத்தாவது முடித்து வீட்டில் இருந்த வருஷம், மாதா கோயில் திருவிழாவில் வாசகம் படித்தேன். அன்றைக்கு மைக், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் ஹபீப் பாயின் ரேடியோ செட். பாயின் முன்னோர் ஒரு காலத்தில் கப்பலில் துணி ஏற்றிய குடும்பம். அவர் காலத்தில் மிஞ்சியது ஒரு பெரிய வீடும், அதன் முன்னறையில் இருந்த ரேடியோ செட்டும்தான். கல்யாணம், திருவிழாவுக்கு வாடகைக்கு விடுவார். மெட்ராஸ் கம்பெனிகளின் சோப்பு, டார்ச் லைட் பேட்டரி, குடை இவற்றுக்கு ஏரிக்கரை ஊர்களில் விளம்பரமும் செய்வார். வாசகம் முடிந்ததும் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பொம்பளப் புள்ள படகுல போய்க் கூவுறதா?" என்று நைனா கேட்டார்.

"சோப்பு வாங்கறது பொம்பளைங்கதானேபா. நான் போய் மைக்ல பேசினா வரி வசூலுக்கு வந்திருக்கான்னு உள்ள பூந்துக்குதுங்க" என்றார் பாய்.

படகு ஓட்டுகிறவர் பக்கத்து வீட்டுக் கோதண்டம் அண்ணன் என்று தெரிந்ததும் நைனா இளகினார். "வாயுள்ள புள்ள பொழைக்கும்" என்று அம்மா முடித்துவைத்தாள். அப்படித்தான் பத்தொன்பது வயதில் நான் படகேறினேன்.

வேலை கற்ற இரண்டு வருஷத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நிறையக் கத்தினேன், தொண்டை கட்டியது, கத்தக்கூடாது என்று தெரிந்துகொண்டேன். அதற்குமேல் கற்றதெல்லாம் பாயைப் பார்த்துத்தான்.

பாய் திட்டமாட்டார். நான் தப்பாகப் பேசினால் ஆம்ப்ளிஃபையரின் திருகை மெல்லப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்வரை என்ன தப்பு என்று நானே கண்டுபிடித்திருக்க வேண்டும். அது திட்டைவிடக் கொடுமை. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் முதல் நாள் அதில் ஊதினேன். "ஊதாத மா, அது இன்னா அடுப்பா?" என்றார். காலையில் புறப்படுமுன் பேட்டரியில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். குழாயின் உட்புறம் உப்பு பூக்காமல் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். மைக்கைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், படகின் தரையில் வைக்கக் கூடாது. பேசும்போது காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் கன்னத்தால் பார்க்க வேண்டும். "காத்துக்கு எதிர்ல கத்தாத. காத்து கையில குடுத்துடு, அதுவா கொண்டும்போய் சேத்துடும்" என்பார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கரைக்கு மேற்கே நிறுத்துவோம், வாடைக் காற்று மாதங்களில் வடக்கே நிறுத்துவோம். ஒரு மூச்சுக்கு ஏழு சொல்தான். எட்டாவது சொல் தண்ணீரில் விழுந்துவிடுமாம்.

இன்னொன்றும் சொல்வார். கரை கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ப்பேரைச் சொல்லக் கூடாது. "வாசல்ல நின்னாத்தான் பேர் சொல்லிக் கூப்டணும். தெருமுனையிலேர்ந்து கூப்டறது மரியாத இல்ல" என்பார். பேட்டரியை மிச்சம் பிடிக்கத்தான் சொல்கிறார் என்று நான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பசியாவரம், புதன்கிழமை தோணிரேவு என்று ஒவ்வொரு ஊருக்கும் கிழமை உண்டு. பசியாவரம் ஏரிக்குள் இருக்கிற தீவு. காலை ஏழு மணிக்கு அந்தக் கரையின் எதிரில் கோதண்டம் அண்ணன் கழி ஊன்றிப் படகைக் கட்டுவார். நான் தொடங்குவேன்: "பசியாவரத்துத் தாய்மாரே, அக்காமாரே, ரேடியோ படகு வந்திருக்குது!" அப்புறம் கண்ணில் படுகிறதைப் பேசுவேன். "பச்சைப் புடவை கட்டிக்கினு துவைக்கிற அக்கா, அந்தக் கல்லு இன்னா பாவம் பண்ணுச்சு? இந்த சோப்பப் போடு, கல்லும் பொழைக்கும் கையும் பொழைக்கும்." கரையில் சிரிப்பு எழும். என்னை ரேடியோக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் தலையில் கொஞ்சம் கனம் ஏறியது, ஒத்துக்கொள்கிறேன்.

பேசி நிறுத்திய பிறகு வருகிற அந்த நேரம் எனக்கு இன்றும் கனவில் வருகிறது. காற்றில்லாத காலைகளில் ஏரி அசையாமல் கிடக்கும். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நான் வாயை மூடிவிட்டேன், ஆனால் என் குரல் தண்ணீர்மேல் இன்னும் போய்க்கொண்டிருக்கும். எதிலோ பட்டு மெல்லியதாக ஒருமுறை திரும்பி வரும். அது யார் குரலோ என்று கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். கோதண்டம் அண்ணன் பீடி பற்றவைப்பார். கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் எங்கேயும் இல்லாததுபோல இருக்கும்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். வருஷத்தில் ஒரு வாரம், மாசி பிறந்ததும், பாய் என்னை மெட்ராசுக்கு அனுப்புவார். ராயபுரத்தில் சித்தி வீட்டில் தங்க வேண்டும். அந்த ஏழு நாளும் நான் வேலையாக ஒரு வார்த்தை பேசக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். அதற்குக் கேக்குற வாரம் என்று பேர். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கேட்பேன். ரயில் நிலைய அறிவிப்பு, மீன் மார்க்கெட் கூவல், சினிமா கொட்டகையில் படத்துக்கு முன்னால் போடுகிற ஸ்லைடு, டீக்கடை ரேடியோவில் பாட்டுக்கு நடுவே வருகிற விளம்பரம், எல்லாம் கேட்க வேண்டும். திரும்பி வந்ததும் பாய் டீயை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார்.

"புதுசு மூணு, பழசாப் போனது ஒண்ணு. சொல்லு மா" என்பார்.

அங்கே கேட்ட புதிய தினுசு மூன்றை நான் பேசிக் காட்ட வேண்டும். நாம் பேசுவதில் புளித்துப்போன ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று எளிது. நான்காவதுதான் தொண்டையில் சிக்கும், ஏனென்றால் பெரும்பாலும் அது எனக்குப் பிடித்ததாகவே இருக்கும். "பெரியோர்களே, தாய்மார்களே" அப்படித்தான் போயிற்று. அது அரசியல் கூட்டத்தின் சொத்து, அதைக் கேட்டால் சனங்கள் காதைத் தானாக மூடிக்கொள்கிறார்கள் என்று நானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கேக்குற வாரத்தில்தான் கேசட்டைக் கேட்டேன். பாரிமுனையில் ஒரு துணிக்கடை வாசலில் ஒரு பெண் குரல் புடவை விலையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தேன். அதே இடத்தில் அதே மூச்சு, அதே சிரிப்பு. பாயிடம் வந்து, "பழசாப் போனது நான்தான் பாய்" என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

நான் பயந்தது நடந்தது. அடுத்த வருஷம் சோப்புக் கம்பெனியின் ஆள் வந்தார். இனிமேல் எல்லா ஊரிலும் ஒரே பேச்சுதான், கம்பெனி கேசட்டைத்தான் போட வேண்டும், முடியாது என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் நானே போய் அவரிடம் பேசினேன். கேசட்தான், ஆனால் என் குரலில், ஒவ்வொரு ஊர்ப்பேரையும் சொல்லித் தனித்தனிக் கேசட் செய்து தருகிறேன், பேச்சு நீங்கள் சொன்னபடியே இருக்கும் என்றேன். பாய் வீட்டு முன்னறையில் சன்னல்களுக்குப் போர்வை கட்டி ஐந்து கேசட் பதிவு செய்தோம். கம்பெனிக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். டேப்பின் தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க, உருவிய நாடாவைப் பென்சிலால் சுற்ற, ஈரக்காற்று பட்டால் குரல் இழுப்பதைச் சரிசெய்ய, எல்லாம் கற்றேன். காலத்தோடு ஓடுகிறவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மைக் மட்டும் வேட்டித் துணியைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை.

அதற்கு அடுத்த மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. புறப்படும்போது நட்சத்திரம் தெரிந்தது. பாதி ஏரி தாண்டியதும் பனி இறங்கியது. கோதண்டம் அண்ணன் முன்னால் நிற்கிறார், எனக்கு அவர் முதுகு தெரியவில்லை. கழி தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயோ மணல் தட்டியது.

"மொகத்துவாரத்துப் பக்கம் திட்டுல ஏறிட்டோம் போலகீது. பனி வெளுக்கட்டும், இங்கியே கெட" என்றார் அண்ணன்.

முகத்துவாரம் என்பது ஏரி கடலில் சேருகிற வாய். ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம் அது. அலைச்சத்தம் கேட்டிருக்க வேண்டும், ஆனால் பனி அதையும் மூடியிருந்தது. வெள்ளைத் துணிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. பயமாக இல்லை, அழகாக இருந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று. சும்மா இருக்க முடியாமல், இந்த ஈரத்தில் டேப் ஓடுகிறதா பார்ப்போம் என்று பசியாவரம் கேசட்டைப் போட்டேன். "பசியாவரத்துத் தாய்மாரே, அக்காமாரே, ரேடியோ படகு வந்திருக்குது!" குரல் இழுக்காமல் வந்தது. பனிக்குள் அது போன விதத்தைக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. திருப்பி இன்னொரு முறையும் போட்டேன்.

ஒன்பது மணிக்குப் பனி வெளுத்தது. பசியாவரம் போய்ச் சேர்ந்தோம். கரையில் பெண்கள் நின்றிருந்தார்கள், ஆனால் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. நாகம்மா என்கிற பெண் முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவள் புருஷன் எல்லப்பன் விடியுமுன் இறால் வலையோடு தனியாகத் தோணியில் போனவன், மற்றவர்கள் எல்லாம் வந்தபிறகும் வரவில்லை. "பனிதான் போயிடுச்சே, வந்துடுவாரு" என்று நான் ஆறுதல் சொன்னேன். என் வாயால்தான் அதைச் சொன்னேன்.

உச்சிப்பொழுதுக்கு முன் கடல்பக்கத்து ஆட்கள் அவனைத் தூக்கிவந்தார்கள். காட்டுப்பள்ளிப் பக்கம், இன்றைக்குத் துறைமுகம் இருக்கிற அந்தக் கடலில், கவிழ்ந்த தோணியைக் கட்டிப்பிடித்து மிதந்திருக்கிறான். வலை போய்விட்டது. உடம்பு வெளுத்துப் பல் கிட்டிப்போயிருந்தது. வாயில் கஞ்சி ஊற்றியதும் அவன் சொன்ன முதல் பேச்சு என் காதில் விழுந்தது.

"பசியாவரம்னு ரேடியோக்கா கூப்டுச்சு. கரை வந்துடுச்சுன்னு திருப்புனேன்."

"எத்தினி மணிக்குடா?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"விடிஞ்ச கையோட."

"அப்ப இங்க படகே இல்லியேடா. உனக்குப் பிரம."

அவன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லை. "ரேடியோக்கா பேச்சு என்னிக்கும் தப்பாது. கரையில வந்து நின்னாத்தான் அது பேரு சொல்லும். எனக்குத்தான் காது கெட்டுப்போச்சு" என்றான்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்து வருஷமாகச் செவ்வாய்க்கிழமைப் பனியில் அவர்கள் என் குரலை வைத்துத்தான் கரை கண்டிருக்கிறார்கள். யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை, சொல்லத் தோன்றியிருக்காது. நான் சோப்பு விற்றுக்கொண்டிருப்பதாக நினைத்தேன். கோதண்டம் அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

நாற்பது நாள் திறக்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன். சொன்னால் அந்த ஊர் எங்கள் படகை இனி அண்டவிடாது, கம்பெனி போய்விடும், பாயின் பிழைப்பும் என் பிழைப்பும் கோதண்டம் அண்ணன் பிழைப்பும் ஒன்றாகப் போகும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆள்தான் பிழைத்துவிட்டானே என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் எல்லப்பன் முழுசாகப் பிழைக்கவில்லை. அவன் தோணி ஏறவே இல்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். பெண்டாட்டி பின்னாலிருந்து கூப்பிட்டால்கூட எந்தப் பக்கம் திரும்புவது என்று தடுமாறினான். இளவட்டங்கள் அவனுக்குச் செவிட்டு எல்லப்பன் என்று பேர் வைத்தார்கள்.

தை முடியும் சமயம். அங்கே ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களுக்குப் பாடு என்று முறை உண்டு. யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்று ஊர் கூடிப் பேர் எழுதிச் சீட்டுப் போடும். பேர் இல்லாதவனுக்கு ஏரியில் இடமில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேர் எழுதுகிறார்கள், எல்லப்பன் தன் பேரை எடுத்துவிடச் சொல்லிவிட்டான் என்று கோதண்டம் அண்ணன் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "நானும் அன்னிக்கு அந்தப் படகுலதான் இருந்தேன்" என்றார்.

நான் பாயிடம் ஓடினேன். அவர் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி மாட்டாத அந்த ஆம்ப்ளிஃபையரின் திருகை அவர் பூஜ்யத்துக்குத் திருப்பினார். எழுந்து டீக்குப் போனார். நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்து கேட்டார்:

"எல்லப்பன்கிட்ட சொல்ட்டியா?"

"இல்ல பாய்."

"அப்ப எங்கிட்ட ஏன் மொதல்ல சொல்ற?"

அவர் தாடியைத் தடவினார். "இந்த வருசம் மெட்ராஸ் போவ வேணாம். கேக்குற வாரத்த ஏரியில வச்சுக்க. கம்பெனி போனா போவட்டும்" என்றார். தன் முன்னோரின் கப்பல்களெல்லாம் போன வீட்டில் உட்கார்ந்து அந்த மனிதர் அதை எவ்வளவு லேசாகச் சொன்னார் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை காலையில் பசியாவரம் போனேன். மைக் இல்லாமல், வெறும் வாயால், எல்லப்பன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். "அது பிரம இல்ல எல்லப்பா. என் குரல்தான். மொகத்துவாரத்துத் திட்டுலேர்ந்து கேசட்டு போட்டேன். கரையே தெரியல, ஊர்ப்பேரு வர்ற கேசட்டப் போட்டேன்."

நாகம்மாதான் முதலில் வெடித்தாள். "நாப்பது நாளா இந்த ஆளு தூங்கலடீ! பாவி, சோப்பு விக்க எம் புருசன் உசுருதான் கெடச்சுதா?" என்று மண்ணை வாரினாள். எறியவில்லை. எறிந்திருக்கலாம், நான் நகர்ந்திருக்கமாட்டேன். எல்லப்பன் கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்தான்.

"அந்தக் கேசட்டு கீதா?" என்றான்.

"படகுல கீது."

"கோதண்டம் அண்ணன அதே எடத்துக்குப் போய்ப் போடச் சொல்லு."

கேசட்டின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நடந்ததோடு இதை நிறுத்த எனக்கு ஆசை. ஐந்து கேசட்டிலும் ஊர்ப்பேரை அழித்தோம். சோப்புப் பேச்சைக் கேசட் பேசியது. ஊர்ப்பேரைக் கரையைப் பார்த்தபிறகு நான் மைக்கில் சொன்னேன். கம்பெனிக்காரர் முகம் சுளித்தார். பாய் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார். அதற்குப்பிறகு டி.வி. வந்தது, வேறு என்னென்னவோ வந்தது, ஒவ்வொன்றையும் கற்றேன். விமலா, நீயும் அடுத்த தடவை தேறிவிடுவாய். ஆனால் நீ போடுகிற விளம்பரம் போய்ச் சேருகிற இடத்தில் ஒருநாள் போய் உட்கார்ந்து கேள். அதற்கு உன் கம்பெனியில் பரீட்சை இருக்காது.

கோதண்டம் அண்ணன் ரேடியோ படகைத் திட்டுப் பக்கம் கொண்டுபோனார். எல்லப்பன் இரவல் தோணி ஒன்றைத் தண்ணீரில் தள்ளினான். நாற்பது நாளில் முதல் தடவை. கால் வைக்குமுன் கொஞ்சம் தயங்கினான். நாகம்மா கரையில் வாயைப் பொத்தி நின்றாள். நான் அவன் எதிரில் உட்கார்ந்தேன். நடு ஏரிக்கு வந்ததும் தோளிலிருந்த துண்டை என்னிடம் நீட்டினான்.

"கண்ணக் கட்டிக்க. எங்கேர்ந்து வரும்னு எனக்கு முன்னயே தெரியும். நீ கேட்டுட்டு, கரை எந்தப் பக்கம்னு சொல்லு."

கட்டிக்கொண்டேன். அவன் கழியை ஊன்றித் தோணியைச் சுற்றினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்புறம் எண்ணத் தெரியவில்லை. தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் நின்றது. துண்டில் மீன் வாடையும் வெயிலின் சூடும் இருந்தது. காற்று கன்னத்தில் பட்டும் படாமலும் போனது. நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

அப்போது என் குரல் வந்தது. "பசியாவரத்துத் தாய்மாரே, அக்காமாரே..." எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? அவ்வளவு நிச்சயமாக, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதுபோல இருந்தது. அந்தக் குரலை நம்பாமல் யாராலும் இருக்க முடியாது. அது கேசட் என்று எனக்குத் தெரியும், எங்கே ஓடுகிறது என்றும் தெரியும். தெரிந்தும், ஊர்ப்பேர் காதில் விழுந்ததும் அந்தப் பக்கம்தான் கரை என்று உடம்பு நம்பியது.

"எங்க கீது ஊரு? கையக் காட்டு" என்றான் எல்லப்பன்.

காட்டினேன். துண்டை அவிழ்த்தேன். என் விரலுக்கு நேரே முகத்துவாரம் இருந்தது. அதற்கு அப்பால் கடல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. பசியாவரத்துக் கரை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது, நாகம்மா அங்கே சின்னதாக நின்றாள்.

நான் அழுதுவிட்டேன். எல்லப்பன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அப்புறம் எழுந்து நின்று, கழியைக் கையில் எடுத்து, தலையை ஆட்டி இரண்டு காதையும் உதறினான்.

"காது நல்லாத்தான் கீது" என்றான். "உக்காரு ரேடியோக்கா, ஜல்தியா போவணும். சீட்டுலேர்ந்து எம் பேர எடுக்கச் சொல்லிட்டேன். எழுதி முடிக்கறதுக்குள்ள திரும்பப் போடச் சொல்லணும்."